குவாரித் தண்ணீர், குவாரிக் கழிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி வட்டாரத்தில் கண்மாய்ப் பாசனம் பார்ப்பவர்கள், ஊராட்சி உறுப்பினர்கள், ஊருணி தூர்வாரக் கிளம்பிய இளைஞர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் தண்ணீர்ப் பரிசோதனை வேலை பார்த்தவன், வக்கீல் இல்லை. ஆகவே சட்டத்தைப் பற்றி அளவாகவும் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் தாராளமாகவும் எழுதியிருக்கிறேன்.

செட்டிநாட்டில் சுரங்கம் ஏது? கோலாரிலும் நெய்வேலியிலும் அல்லவா இருக்கிறது?

கோலார் மாதிரி ஆள் இறங்கும் ஆழ்சுரங்கம் இங்கே இல்லைதான். ஆனால் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமே திறந்தவெளிப் பள்ளத்தையும் சுரங்கம் என்றுதான் சொன்னது. சிங்கம்புணரி, திருப்பத்தூர்ப் பக்கம் கருங்கல் குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வந்தால் செம்மண், கிராவல், செம்புறாங்கல். சிவகங்கைக்கு அருகே தமிழக அரசின் டாமின் நிறுவனம் கிராஃபைட் (பென்சில் கரி) வெட்டிச் சுத்திகரிக்கிறது.

எந்தக் கல்குவாரியாக இருந்தாலும் அதிலிருந்து மூன்று வெளியே வரும்: விற்கிற கல், விற்காத கழிவு, பள்ளத்தில் சேர்ந்த தண்ணீர். முதலாவதற்கு முதலாளி உண்டு. மற்ற இரண்டையும் கேட்பார் இல்லை. சரிவு பார்த்து அவை, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் நம் வரத்துக்காலுக்கே வந்து சேரும்.

ஊர்ப் பக்கம் குவாரி வரப்போகிறது என்று தெரிந்தால் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

பள்ளத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். எத்தனை பேருக்கு வேலை, கோயிலுக்கு எவ்வளவு நன்கொடை என்பதெல்லாம் அப்புறம். நம் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாகக் கீழ்க் கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. மேலே ஒரு குவாரிக்காரர் மோட்டார் போட்டுச் சேற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டால், அவர் பெயரையே கேள்விப்படாத ஊரின் மடையில் போய் வண்டல் நிற்கும்.

சுரங்கத்திலிருந்து அமிலத் தண்ணீர் வரும் என்கிறார்களே, அது என்ன?

சில பாறைகளில் பைரைட் என்ற கனிமம் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, பார்க்கத் தங்கம் போல் மினுங்கும். பூமிக்குள் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. வெட்டி மேலே போட்டால் காற்றும் ஈரமும் பட்டுக் கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். அந்த அமிலத்திலேயே வாழ்கிற ஒரு வகை பாக்டீரியா இந்த வேலையைப் பல மடங்கு வேகப்படுத்திவிடும். கணக்குப்படி ஒரு டன் பைரைட் முழுவதும் மாறினால் ஏறத்தாழ 1.6 டன் கந்தக அமிலம் கிடைக்கும். அமிலம் வழியில் இருக்கிற இரும்பு, மாங்கனீஸ், செம்பு, ஆர்செனிக் எது கிடைத்தாலும் கரைத்துக்கொண்டு ஓடும்.

இதில் மோசமானது என்னவென்றால், குவாரி மூடினாலும் இது நிற்காது. கந்தகம் தீரும்வரை நடக்கும், அது பல தலைமுறை ஆகலாம். நம் நாட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் மேகாலயாவின் ஜெயந்தியா மலைப் பக்கம் போகலாம். எலிவளை போல் குறுகலாகத் தோண்டிய நிலக்கரிச் சுரங்கங்களின் தண்ணீர் இறங்கி அங்கே ஆறுகளில் மீன் இல்லாமல் போனது. 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த வகைச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது.

அப்படியானால் நம் கல்குவாரியிலும் அமிலம் வருமா?

பெரும்பாலும் வராது. நம் கருங்கல்லில் கந்தகம் மிகக் குறைவு. வாட்ஸ்அப்பில் ஏதோ ஒரு நாட்டின் ஆரஞ்சு நிற ஆற்றைப் போட்டு ‘நம் ஊருக்கும் இதே கதி’ என்று அனுப்புகிறார்கள். அதை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் எதிர்த்தரப்பு ஒரே பரிசோதனை அறிக்கையில் உங்களை உட்கார வைத்துவிடும். நம் பக்கத்துச் சங்கடம் வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் வாய்க்காலிலும் ஆரஞ்சு நிறக் கசடு படிகிறதே?

செம்புறாங்கல் பூமியில் இரும்புச்சத்து எங்கும் உண்டு. போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தாலே அடியில் துரு நிறத்தில் படியும். அது அமிலத்தால் வந்தது இல்லை.

தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி வானவில் நிறத்தில் ஓர் ஏடு மிதந்தால் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து துண்டு துண்டாக நின்றால் அது இரும்பு பாக்டீரியா செய்த ஏடு, இயற்கையானதுதான். குச்சியை எடுத்ததும் சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் டீசலோ கிரீஸோ கலந்திருக்கிறது. மேலே குவாரியில் டிப்பருக்கும் ஹிட்டாச்சிக்கும் ஆயில் மாற்றுகிற இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே சிமெண்டுத் தளமும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் இருக்க வேண்டும்.

சிவகங்கை கிராஃபைட் மட்டும் வேறு மாதிரியா?

வேறு மாதிரிதான். கருங்கல் குவாரியில் கல்லை உடைத்து அப்படியே ஏற்றுகிறார்கள். கிராஃபைட்டை அப்படி விற்க முடியாது. சிவகங்கைத் தாதுவில் சராசரியாக 14 சதவீதம்தான் கார்பன். அதாவது 100 டன் வெட்டினால் 80 டன்னுக்கு மேல் கழிவு. தாதுவைத் தூளாக்கி, தண்ணீரில் கலந்து, சிறிது எண்ணெயும் நுரைக்கும் பொருளும் விட்டுக் காற்றை ஊதுவார்கள். கிராஃபைட் செதில் தண்ணீரில் ஒட்டாது, குமிழியோடு ஏறி நுரையில் மிதக்கும். மிச்சமுள்ள மணலும் களியும் கூழாக அடியில் போகும். அந்தக் கூழைத்தான் கழிவுக் குளத்தில் விடுகிறார்கள்.

கிராஃபைட் இருக்கிற பாறைகளில் உலகின் பல இடங்களில் பைரைட்டும் சேர்ந்து கிடப்பதுண்டு. ஆகவே எந்தக் கிராஃபைட் திட்டமானாலும் ‘கழிவில் கந்தகம் எத்தனை சதவீதம்?’ என்று ஊர்க்காரர் கேட்க உரிமை உண்டு. இதற்கென்று அமிலம்–காரம் கணக்குப் பார்க்கும் சோதனை இருக்கிறது. ஒரு டன் கழிவில் 1 சதவீதம் கந்தகம் இருந்தால், அது தரக்கூடிய அமிலத்தை அடக்க 31 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். அந்தப் பாறையிலேயே அந்தச் சுண்ணாம்பு தாராளமாக இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் கந்தகமுள்ள கழிவைத் தனியே பிரித்து, களிமண் போட்டு மூடி, காற்றும் மழையும் படாமல் வைக்க வேண்டும். அமிலம் வந்த பிறகு சுண்ணாம்பு கொட்டிச் சமாளிக்கலாம் என்பது கடைசி வழி. வருஷா வருஷம் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

2023 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கிராஃபைட்டும் உண்டு. பேட்டரிக்குத் தேவை கூடிக்கொண்டே போவதால் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

சரி, அமிலம் இல்லையென்றால் கல்குவாரித் தண்ணீரில் என்ன கெடுதல்?

சேறுதான். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் நம் பக்கத்தில் கண்மாயைக் கெடுப்பது இதுதான்.

கிரஷர் தூசி, எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கழுவிய தண்ணீர், கிரானைட் அறுத்த பால் நிறக் குழம்பு எல்லாவற்றிலும் மிக நுண்ணிய துகள் இருக்கும். மணல் என்றால் சில விநாடியில் அடியில் உட்காரும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு உள்ள களித்துகள் அசையாத தண்ணீரில் 10 சென்டிமீட்டர் இறங்கவே எட்டு மணி நேரம் எடுக்கும். ஒரு மீட்டர் இறங்க மூன்று நாளுக்கு மேல். ‘செட்லிங் டேங்க் கட்டியிருக்கிறோம்’ என்று நாலு அடிக் குழியைக் காட்டினால், தண்ணீர் அதில் எத்தனை நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். ஒரு பக்கம் நுழைந்து பத்து நிமிஷத்தில் மறுபக்கம் வெளியேறினால் அந்தத் தொட்டி மணலை மட்டும்தான் பிடிக்கும். களி நேராகக் கண்மாய்க்கு வரும்.

வந்தால் என்ன ஆகும்? கண்மாய் அடியில் மெழுகினாற்போல் படியும். தண்ணீர் கீழே இறங்காது, பக்கத்துக் கிணறு ஊறாது. மடைத் துளை அடைபடும். வயலில் பரவினால் காய்ந்ததும் மண் தட்டுத் தட்டாக வெடிக்கும், நாற்றுக்கு வேர் ஓடாது. வண்டல் வயலுக்கு நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். கண்மாய் வண்டலில் இலைதழையும் சாணமும் மக்கியிருக்கும். கல் தூளில் அதெல்லாம் கிடையாது.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது நாட்டின் பொது விதி. பி.எச். (அமில–கார அளவு) 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும். எண்ணெய், கிரீஸ் 10 மில்லிகிராமுக்குள். இந்த மூன்று அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

களியைப் படிய வைக்க வழியே இல்லையா?

நம் ஆச்சிகளுக்குத் தெரிந்த வழிதான். மழைக்காலத்து ஊருணித் தண்ணீர் கலங்கலாக வந்தால் மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றுவார்கள். விடிவதற்குள் தெளிந்துவிடும். களித்துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. கொட்டையில் உள்ள பொருள் அவற்றை ஒன்றுசேர்த்துக் கட்டியாக்குகிறது, கட்டி சீக்கிரம் இறங்குகிறது. படிகாரம் செய்வதும் இதே வேலை. குவாரிகளில் பெரிய அளவில் இதற்கென்று திரட்டும் வேதிப்பொருள் விற்கிறார்கள். இரண்டு மூன்று தொட்டிகளை அடுத்தடுத்து அமைத்து, முதல் தொட்டியில் அதைக் கலந்து, கடைசித் தொட்டியிலிருந்து தெளிந்த தண்ணீரைத் திரும்ப எம்.சாண்ட் கழுவவே எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர்ச் செலவும் மிச்சம். அப்புறம் தொட்டியில் படிந்த சேற்றை அள்ள வேண்டும். எத்தனையோ இடத்தில் தொட்டி கட்டுகிறார்கள், அள்ளுவதில்லை. ஒரு மழைக்காலம் போனால் தொட்டி நிரம்பித் திடலாகிவிடுகிறது.

ஒரு மழைக்கு எவ்வளவு தண்ணீர் வந்துவிடப் போகிறது?

நமக்கு மழையில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. 5 எக்டேர் குவாரியில் ஒரே ராத்திரியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்தப் பள்ளத்துக்குள் விழுவது மட்டும் 50 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் 400 லாரிக்கு மேல். விடிந்ததும் வேலை தொடங்க வேண்டும் என்று அத்தனையையும் மோட்டார் வைத்து வரத்துக்காலில் இறைப்பார்கள்.

இதைத் தவிர்க்க முடியும். வெளித் தண்ணீர் பள்ளத்துக்குள் வராமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட வேண்டும். பள்ளத்தின் ஒரு மூலையை ஆழமாக்கி அங்கே தண்ணீரைத் தேக்கி, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். நல்ல தண்ணீரும் சேற்றுத் தண்ணீரும் கலக்காமல் இரண்டையும் தனித்தனி வழியில் விடுவதுதான் குவாரித் தண்ணீர் மேலாண்மையின் பாதி வேலை.

வெடிமருந்து தண்ணீரில் கலக்குமா?

கலக்கும். பரவலாகப் பயன்படுவது அம்மோனியம் நைட்ரேட் 94 பங்கும் டீசல் 6 பங்கும் கலந்த மருந்து. நைட்ரேட் உப்பு மாதிரி தண்ணீரில் கரையும். துளையில் தண்ணீர் நின்றாலோ, போடும்போது சிந்தினாலோ, முழுதாக வெடிக்காமல் மிஞ்சினாலோ அது பள்ளத்துத் தண்ணீருக்குப் போகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து.

ஆனால் கிணற்றில் நைட்ரேட் இருந்தாலே குவாரிதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். மாட்டுத் தொழுவம், செப்டிக் டேங்க், யூரியா எல்லாமே நைட்ரேட் தரும். குவாரிக்கு மேல்பக்கக் கிணறு ஒன்று, கீழ்பக்கக் கிணறு ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் சோதித்தால்தான் பேச முடியும்.

கிராவல் வெட்டுவதில் வெடி இல்லை, தூசி இல்லை. அதை ஏன் எதிர்க்கிறார்கள்?

என்னைக் கேட்டால் காரைக்குடிப் பக்கத்துக்குக் கருங்கல்லை விட இதுதான் பெரிய விஷயம். நம் ஊருணிகளும் ஊற்றுகளும் செம்புறாங்கல், கிராவல் அடுக்கை நம்பித்தான் இருக்கின்றன. மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு சித்திரை வரை மெதுவாக விடுகிற அடுக்கு அது. லேஅவுட் போடவும் ரோடு போடவும் பத்துப் பதினைந்து அடி வெட்டி எடுத்துவிட்டால், மழைத் தண்ணீர் தங்க இடம் இல்லாமல் அன்றைக்கே ஓடிவிடும். கழிவு என்று பார்த்தால் ஒன்றுமே இருக்காது. இழப்பு மட்டும் இருக்கும். ஊருணிக்கு வரத்து உள்ள பொட்டலில் கிராவல் எடுக்க விடக்கூடாது என்பது என் கருத்து.

குவாரி வந்ததால் கிணறு வற்றுமா?

பள்ளத்தின் அடி, கிணற்று நீர்மட்டத்துக்குக் கீழே போய், தினமும் இறைத்தால் வற்றலாம். கடினப் பாறையில் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் நகர்கிறது. அதனால் பக்கத்துக் கிணறு தப்பித்து, தள்ளியிருக்கிற கிணறு வற்றுவதும் உண்டு. குவாரி தொடங்கும் முன்பே கிணற்று நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து எழுதி வைத்திருந்தால் மட்டுமே இதைப் பின்னால் நிரூபிக்கலாம்.

கழிவுக் கல்லை எப்படிக் குவிக்க வேண்டும்?

முதலில் மேல்மண்ணைத் தனியே வழித்து வைக்க வேண்டும். அரை அடியோ ஒரு அடியோதான் இருக்கும், ஆனால் திரும்ப மரம் வைக்க அது இல்லாமல் முடியாது. கழிவோடு கலந்தால் போனது போனதுதான். பிறகு கழிவைப் படிப்படியாக அடுக்கி, சரிவைக் குறைத்து, அடியில் கல்லால் தடுப்புச் சுவர், அதையொட்டி வாய்க்கால், வாய்க்கால் முடிவில் படிவுக் குழி. ஓடைப் புறம்போக்கில் ஒரு கல் விழக்கூடாது. டிப்பரைப் பின்னால் தள்ளி அப்படியே சரித்துவிட்டுப் போனால் மலை மாதிரி நிற்கும், முதல் பெருமழைக்கு அடியிலிருந்து கரையும். கிரானைட் குவாரிகளில் இது இன்னும் பெரிய தலைவலி. பாளம் பாளமாக விற்கிற கல்லை விட, வெடிப்பு விழுந்தது, நிறம் மாறியது என்று ஒதுக்குகிற கல்தான் அதிகம். அதைச் சல்லியாக உடைக்கவோ பள்ளத்தையே நிரப்பவோ திட்டத்தில் இடம் இருக்க வேண்டும்.

மரம் என்றால் வேம்பு, புங்கை, வாகை. சீமைக்கருவேலம் தானாகவே வந்துவிடும். அதைப் ‘பசுமை வளையம்’ என்று கணக்குக் காட்டினால் விடாதீர்கள்.

கழிவுக் குளத்துக் கரை உடையுமா?

உடையும். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலில் புரூமாதின்யோ என்ற ஊருக்கு மேலே இருந்த இரும்புத் தாதுக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். கரைக்குள் ஊறிய தண்ணீர் வடிய வழியில்லாமல், திடமாகத் தெரிந்த கழிவு நொடியில் கூழாக மாறி ஓடியது. அந்த அணை, படிந்த கழிவின் மேலேயே கரையை உயர்த்திக்கொண்டு போகும் முறையில் கட்டப்பட்டது. அதன் பிறகு பிரேசில் அந்த முறையையே தடைசெய்தது. 2020இல் கழிவு அணைகளுக்கு உலகளவிலான ஒரு தரநிலையும் வந்தது.

நம் பக்கத்துக் குளங்கள் அந்த அளவு பெரியவை அல்ல. ஆனால் கண்மாய்க் கரை காத்த ஊர்க்காரருக்குப் பார்க்க வேண்டியது தெரியும்: கரையின் வெளிப்பக்கம் ஈரம் கசிகிறதா, கசிவு கலங்கலாக வருகிறதா, கரை மேல் நீளவாக்கில் வெடிப்பு இருக்கிறதா. தெளிந்த கசிவை விடக் கலங்கல் கசிவுதான் ஆபத்து, உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம்.

வெட்டி முடித்த பள்ளத்துத் தண்ணீரைக் குடிக்கலாமா?

சோதித்து, சுத்திகரித்தால் முடியும். சென்னை தண்ணீருக்குத் தவித்த 2017இல் மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிகளின் தண்ணீரை எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். அப்படியே மொண்டு குடிப்பது வேறு விஷயம்.

குளிப்பதற்கு மட்டும் வேண்டவே வேண்டாம். கண்மாய் மாதிரி கரையிலிருந்து சரிவாக இறங்காது, முதல் அடியிலேயே நாற்பது அடி ஆழம் இருக்கும், ஏறப் பிடிமானம் இருக்காது. வேலி இல்லாத பள்ளம் தெரிந்தால் அதை முதல் புகாராக எழுதுங்கள்.

பள்ளத்தில் குப்பை கொட்டி மூடிவிடலாமே?

கூடாது. பாறை வெடிப்பு வழியாக அந்தச் சாறு ஊர்க் கிணற்றுக்குத்தான் வரும்.

மூடின பிறகு யார் பொறுப்பு?

ஏட்டில் குத்தகைதாரர். கிராஃபைட் போன்ற பெருங்கனிமங்களுக்கு 2017ஆம் ஆண்டு விதிகளின்படி படிப்படியாக மூடும் திட்டமும், கடைசியாக மூடும் திட்டமும், அதற்குப் பண உத்தரவாதமும் கொடுக்க வேண்டும். கல், கிராவல் போன்ற சிறுகனிமக் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தில் மூடுவது பற்றிய நிபந்தனை இருக்கும்.

நடைமுறையைக் கோலாரில் பார்க்கலாம். நம் சனங்கள் தலைமுறைகளாக உழைத்த தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த கழிவு மேடுகள் ஊர் நடுவில் அப்படியே நின்றன, ஆடிக்காற்றில் தூள் வீட்டுக்குள் வந்தது. கம்பெனி இலாபம் பார்த்துக்கொண்டிருந்த நாளில் செய்திருக்க வேண்டிய வேலை அது. பூட்டுப் போட்ட பிறகு யார் செலவு செய்வார்கள்?

எங்கள் தாத்தா மலாயாவில் ஈயச் சுரங்கக்காரர்களுக்குக் கடன் கொடுத்தாராம். அங்கே என்ன ஆயிற்று?

இந்தக் கேள்வி செட்டிநாட்டில்தான் வரும். பேராக் பக்கம் ஈயம் (டின் என்கிற வெள்ளீயம்) எடுத்த சீனர்களுக்கு நகரத்தார் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) வட்டிக்குப் பணம் கொடுத்தது வரலாறு. ஈயம் எடுத்த முறை, மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, கனமான தாதுவை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவது. ஆறுகள் வண்டலால் மேடேறின. ஈப்போ, கோலாலம்பூர்ப் பக்கம் நூற்றுக்கணக்கில் குட்டைகளும், ஒன்றும் விளையாத வெண்மணல் பரப்பும் மிஞ்சின. சில குட்டைகள் இன்று பூங்காவாகவும் நகரமாகவும் மாறியிருக்கின்றன. ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றத்தில் அந்த வட்டிக் காசும் கொஞ்சம் இருக்கலாம். குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அங்கே கழிவு யார் தலையில் விழுந்தது என்று அப்போது இங்கே யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் என்றார்களே, அது இங்கேயும் வருமா?

அரிட்டாபட்டியை உள்ளடக்கிய அந்த டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது. பொதுவாக டங்ஸ்டன் தாதுவோடு பல இடங்களில் கந்தகக் கனிமங்களும் ஆர்செனிக்கும் சேர்ந்து கிடக்கும். அமிலத் தண்ணீர் பற்றி மேலே சொன்னது கருங்கல்லை விட அதற்கே பொருந்தும்.

அனுமதி கொடுக்கும்போது ஊர் எங்கே பேசலாம்?

அடுத்தடுத்து 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்துப் பார்த்து 5 எக்டேருக்கு மேல் போனால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். ஒரே ஆள் நாலு துண்டாக விண்ணப்பித்துத் தப்பிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கூட்டத்தில் உணர்ச்சியாகப் பேசுவது கைதட்டலுக்கு உதவும். பதிவேட்டில் ஏறுவது எழுத்தில் கொடுத்த கேள்வி மட்டுமே. வரத்துக்காலின் சர்வே எண், ஊருணிக்கு எத்தனை மீட்டர், மழைத் தண்ணீர் வெளியேறும் இடம், படிவுத் தொட்டியின் கொள்ளளவு ஆகியவற்றைக் கேளுங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டர், நீர்நிலையிலிருந்து 50 மீட்டர் இடைவெளியை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்த பிறகு அந்தக் கடிதம் சுற்றுச்சூழல் அனுமதிக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கையும் கொடுக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு நேரில் போய்ப் பாருங்கள். அறிக்கையில் இருக்கும் சுற்று வாய்க்கால் தரையில் இருக்காது.

புகார் யாரிடம் கொடுப்பது?

தண்ணீர், தூசி என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். அளவுக்கு மேல் வெட்டு, எல்லை தாண்டல் என்றால் மாவட்டக் கனிமவளத் துறை. தொழிலாளர் பாதுகாப்பு என்றால் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம். 2025 மே மாதம் சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டைக் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்த பிறகு இதையும் சேர்த்தே எழுதச் சொல்கிறேன். எல்லாவற்றின் நகலும் திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர்க்கும் நாளில் ஒன்று. அப்புறமும் அசையாவிட்டால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அதற்குப் பொதுவாக ஆறு மாதக் கெடு உண்டு, மறந்துவிடாதீர்கள்.

குவாரியே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. வீடு கட்டச் சல்லி வேண்டும், குவாரியில் வேலை பார்க்கும் குடும்பங்களும் நம் ஊரில்தான் இருக்கின்றன. ஆனால் சில இடங்களில் வேண்டவே வேண்டாம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகள் மத்தாப்பைக் கூட விட்டுக்கொடுக்கிற ஊருக்குப் பக்கத்தில் பாறைக்கு வெடி வைக்க அனுமதி கேட்பதே அழகில்லை.

செலவில்லாமல் இப்போதே ஊர் என்ன செய்யலாம்?

புரட்டாசி முடிவதற்குள் வரத்துக்காலைத் தலைப்பிலிருந்து கண்மாய் வரை நடந்து, செல்போனில் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். மழை தொடங்கியதும் குவாரிக்கு மேலே, குவாரித் தண்ணீர் விழும் இடம், அதற்குக் கீழே என மூன்று பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். வீட்டில் அசையாமல் வைத்து, மறுநாள் காலையில் எதில் எத்தனை விரற்கடை படிந்திருக்கிறது, எது இன்னும் கலங்கலாக நிற்கிறது என்று பாருங்கள். அமிலம் பற்றிச் சந்தேகம் என்றால் செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறப்போட்ட சாற்றில் கொஞ்சம் விட்டுப் பாருங்கள். சிவந்தால் அமிலம், பச்சையாகத் திரும்பினால் காரம். இது சும்மா ஒரு முன்னோட்டம்தான், அறிக்கையாகாது.

அறிக்கை வேண்டுமென்றால் இன்னொரு செட் பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். பி.எச்., கலங்கல், கரைந்த உப்பு, சல்பேட், நைட்ரேட், இரும்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னால் போதும். எடுத்த இடம், நேரம், எடுத்தவர் பெயர், சாட்சியாக இன்னொருவர் பெயர் எல்லாவற்றையும் பாட்டில் மேல் ஒட்டிய தாளில் எழுதுங்கள். மூடி மேல் எழுதாதீர்கள், ஆய்வகத்தில் மூடி மாறிவிடும்.